சாப்பாட்டு மேசையில் ஒரு நீலப் பள்ளிவாசல்

பலேர்மோவில் நான் வேலை செய்த வீடுகளில் நாய் இருந்திருக்கிறது, கிளி இருந்திருக்கிறது, ஒரு வீட்டில் குளியல் தொட்டிக்குள் ஆமைகூட இருந்தது. பள்ளிவாசல் இருந்தது ஒரேயொரு வீட்டில்தான். அதுவும் சாப்பாட்டு மேசைக்கு மேலே.

வீடு பொலிதேயாமா பக்கம், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில். வீட்டுக்காரர் பாலங்கள் கட்டி ஓய்வுபெற்ற எஞ்சினியர். பிள்ளைகள் இல்லை. அவரும் அவருடைய மனைவியான சின்யோராவும் மட்டும்தான். நான் ஒரேத்தோத் தெருவிலிருந்து காலையில் பஸ் எடுத்துப் போய், கூட்டித் துடைத்து, சந்தைக்குப் போய்வந்து, மத்தியானத்துக்குமேல் வீடு திரும்புவேன். அவர்கள் இருவரும் பேசியது இத்தாலியனில்தான். ஆனால் என் மண்டைக்குள் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் படிந்து கிடக்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு அவர்களுடைய குரல் கேட்காது.

அந்த மேசை சின்யோராவின் தாய் வீட்டிலிருந்து வந்த சீதனம். ஒரு கலியாண வீட்டுப் பந்தியையே இருத்திச் சாப்பாடு போடலாம். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் அதில் ஒரு தேநீர்க் கோப்பை வைக்கக்கூட இடமில்லை. இஸ்தான்புல்லில் இருக்கிற நீலப் பள்ளிவாசல், மரத்திலும் மட்டையிலும் அதன்மேல் எழும்பிக்கொண்டிருந்தது. நடுவில் பெரிய குவிமாடம், முன்னால் தூண்கள் சூழ்ந்த முற்றம், சுற்றிவரச் சீவின பென்சில்கள்போல ஆறு மினாராக்கள். மினாரா உயர்ந்தபோது மேலே தொங்கிய கண்ணாடிச் சரவிளக்கில் இடித்ததாம். எஞ்சினியர் ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை, சரவிளக்கைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்.

"வீட்டு லைற்றைக் கழட்டிப் போட்டுப் பள்ளிவாசலுக்கு லைற் போடுறார்," என்று சின்யோரா என்னிடம் முறையிட்டார். "நீயே சொல்லு, இது வீடோ?"

நான் எதைச் சொல்ல? சம்பளம் தருகிறவர் ஒருவர், சாப்பாடு தருகிறவர் மற்றவர். அவருக்கும் ஓம், இவருக்கும் ஓம் என்று தலையாட்டியே காலத்தை ஓட்டினேன்.

இந்தப் பள்ளிவாசல் விசருக்கு விதை போட்டது அவர்களுடைய இஸ்தான்புல் தேனிலவு. பள்ளிவாசல் வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் புதுமாப்பிள்ளை உள்ளே ஓடினார், ஓடினவர்தான். புதுப்பெண்ணுக்குக் குதிகால் சப்பாத்து கடித்துக் காலெல்லாம் கொப்புளம். அவர் வெளியே படிக்கட்டில் குந்தியிருந்து இரண்டு சோடிச் சப்பாத்துக்கும் காவல் காத்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரமும் தாண்டினபிறகு மனிதர் அண்ணாந்த கழுத்தோடு வெளியே வந்தாராம். "உள்ளை போகேக்கை என்னைக் கட்டினவன். வெளியிலை வரேக்கை வேறை ஆரையோ கட்டினவன் மாதிரி வந்தான்," என்று சின்யோரா கிழமைக்கு ஒருதரமாவது சொல்லுவார்.

எஞ்சினியருக்குத் தன் பள்ளிவாசலைப் பற்றிக் கதைக்க ஓர் ஆள் வேண்டும். சின்யோரா காது கொடுக்கமாட்டார். ஆகவே கூட்டுகிற தும்புத்தடியோடு நிற்கிற நான் அகப்பட்டுக்கொண்டேன். பாடம் முழுக்கச் சின்யோராவின் பாத்திரங்களில்தான். ஒருநாள் பெரிய சலாட் கோப்பையை அலுமாரியின்மேல் கவிழ்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுதான் நடுக் குவிமாடம். இவ்வளவு பாரத்தையும் ஆர் தாங்கிறது?"

"சுவர்," என்றேன்.

"மண்ணாங்கட்டி! சுவர் முழுக்க யன்னல். காத்தும் வெளிச்சமும் போற சுவர் என்னத்தைத் தாங்கும்?" சூப்புக் கோப்பைகளை எடுத்துச் சலாட் கோப்பையின் நாலு பக்கமும் சாய்த்துப் பிடித்தார். "நாலு பக்கமும் அரைக் குவிமாடம். பெரியவர் தன்ரை பாரத்தை இவையளிட்டைத் தள்ளுறார். இவை தங்களுக்குக் கீழை நிக்கிற சின்ன அரைக் குவிமாடங்களிட்டைத் தள்ளினம். மிச்சத்தை நாலு பெரிய தூண் வாங்குது. அப்பிடித் தள்ளித் தள்ளி நிலத்திலை இறக்கிவிடுகினம்."

"மொண்டெல்லோவிலை நான் கோப்பை கழுவின ரெஸ்ரோறண்டிலையும் அப்பிடித்தான்," என்றேன். "முதலாளி மனேஜரிட்டைத் தள்ளுவார், மனேஜர் குசினிக்காரனிட்டைத் தள்ளுவார், கடைசியிலை நிலத்திலை நிக்கிறது நான்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த வேகத்தில் ஒரு சூப்புக் கோப்பை விழுந்து உடைந்தது. உடைந்த துண்டுகளைப் பத்திரிகையில் சுற்றி வெளியே கொண்டுபோய்ப் போட்டது யார் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தத் தூண்களுக்குத் துருக்கிக்காரர் யானைக்கால் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம், அவ்வளவு பருமன். கட்டுவித்த சுல்தானோ மீசை வடிவாக முளைக்கமுதல் கதிரை ஏறின பெடியன். பெரிய சண்டை ஒன்றையும் வெல்லாதவன். வென்ற சுல்தான்கள் கொள்ளையடித்த காசில் கட்டுவார்கள். இவன் கஜானாவில் கைவைத்தான். மதப் பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அதுவும் போதாதென்று ஆறு மினாரா. மக்காவில் இருக்கிறதும் ஆறு, நீ யார் ஆறு வைக்க என்று பெரிய புடுங்குப்பாடு. கடைசியில் அங்கே ஏழாவதைக் கட்டிக் கொடுத்து வாயை அடைத்தான் என்று ஒரு கதை. பள்ளிவாசல் முடிந்து கொஞ்சக் காலத்தில் ஆளும் இளவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். அயல் கோயில் தேரைவிட எங்கள் தேர் ஒரு முழம் உயரமாக இருக்கவேண்டும் என்று சண்டை பிடிக்கிற தர்மகர்த்தாக்களை எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கதை நல்லாக விளங்கியது.

முற்றத்து வாசலில் ஓர் இரும்புச் சங்கிலி தொங்குமாம். சுல்தான் குதிரையில் வந்தால், சங்கிலி முகத்தில் அடிக்காமல் இருக்கத் தலையைக் குனிந்தாகவேண்டும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்த வாசலில் குனி என்று அர்த்தம். எஞ்சினியர் தன் பள்ளிவாசலிலும் சங்கிலி தொங்கவிட்டிருந்தார். அது தன் வெள்ளிச் சங்கிலி என்பதைச் சின்யோரா ஒரு பெருநாளுக்குக் கழுத்தில் போடத் தேடியபோதுதான் கண்டுபிடித்தார்.

"என்ரை சங்கிலிக்குச் சுல்தானே தலை குனிவானாம்," என்றார் என்னிடம். "இந்த மனிசன் ஒருநாள் குனிஞ்சானோ கேள்."

சின்யோராவுக்கு இன்னொரு முறைப்பாடும் இருந்தது. நீலம் நீலம் என்கிறாரே, வெளியே பார்த்தால் மழைக்கு வந்த வானம்போலச் சாம்பல் நிறம். நீலமெல்லாம் உள்ளே. பூவும் கொடியும் போட்ட ஓடுகளைச் சுவரில் பதித்திருக்கிறார்கள். எஞ்சினியர் அந்த ஓடுகளைக் கடதாசியில் கீறி, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாக ஒட்டியிருந்தார். பெரிய குவிமாடத்தைச் சட்டிமூடிபோலத் தூக்கினால் எல்லாம் தெரியும். நான் முதன்முதல் உள்ளே பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், கையெடுத்துக் கும்பிடத்தான் வந்தது.

ஈஸ்டருக்கு, அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு, சில கிழமைகளுக்குமுன் பங்குச் சுவாமியார் வீடு வீடாகப் போய்த் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிப்பார். குசினியைத் தெளித்தார், படுக்கையறையைத் தெளித்தார், சாப்பாட்டு அறை வாசலில் வந்து நின்றார். தெளிக்கிற கை மேலே போனது போனபடி நின்றுவிட்டது. பள்ளிவாசலைப் பார்க்கிறார், தீர்த்தத்தைப் பார்க்கிறார், எங்களைப் பார்க்கிறார். எஞ்சினியர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தார். "வேண்டாம் சுவாமி! மட்டை! தண்ணி பட்டால் ஊதிப்போகும்!" சுவாமியார் யன்னல் பக்கம் திரும்பித் திரைச்சீலைக்கு இரண்டு துளி தெளித்துவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் சின்யோராவுக்குப் பொறுமை கெட்டது. "முடிஞ்சுது," என்றார். "இந்த உயிர்ப்பு ஞாயிறுக்கு என்ரை தங்கச்சி குடும்பம் வருது. சாப்பாடு இந்த மேசையிலைதான். முழங்காலிலை கோப்பையை வைச்சுச் சாப்பிட்டது காணும். அதுக்குள்ளை பள்ளிவாசல் போக இடம் பார். இல்லாட்டி நானே பிரிச்சுக் குப்பைத் தொட்டியிலை போடுவன்."

அவர் சொன்னால் செய்வார். எஞ்சினியருக்கும் அது தெரியும். மனிதர் ஓடித்திரிந்து, பழைய துறவியர் மடம் ஒன்றில் கண்காட்சிகள் நடத்துகிற ஒரு பெண்மணியைப் பிடித்தார். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள ஊர்களின் கட்டடங்களை மாதிரி செய்து வைக்கிற கண்காட்சி ஒன்று வருகிறதாம். சனிக்கிழமை வந்து பார்க்கிறேன், வேலை சுத்தமாக இருந்தால் எடுக்கிறேன், அரைகுறை என்றால் எடுக்கமாட்டேன் என்றார் பெண்மணி.

அரைகுறை என்ற சொல் எஞ்சினியரைச் சுட்டது. ஏனென்றால் இனி எதையாவது திருத்தச் சொன்னால் அவரால் முடியாது. ஒரு வருஷத்துக்குமேலாக வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. கோப்பியைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். கை நல்லாக இருந்த கடைசிக் குளிர்காலத்தில் அவர் செய்தது முட்டைகள். இஸ்தான்புல் பள்ளிவாசலில் விளக்கு வளையங்களுக்கு நடுவே தீக்கோழி முட்டைகளைத் தொங்கவிடுவார்களாம். அது இருந்தால் சிலந்தி கூடு கட்டாது என்று நம்பிக்கை. எஞ்சினியர் வெள்ளை மண்ணை விரல்நுனியில் உருட்டி உருட்டி, மிளகைவிடச் சின்னதாகச் செய்து, நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். "என்ரை கை கடைசியாச் செய்த நல்ல வேலை," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அந்தக் கிழமை பார்த்து என் முதுகு பிடித்துக்கொண்டது. தமிழ்க்கடையில் அரிசி மூட்டையைத் தூக்கினேன், அப்படியே வளைந்து நின்றுவிட்டேன்.

பலேர்மோவில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குப் போகிற வீட்டை ஒருநாளும் வெறுமையாக விடுவதில்லை. புருஷனுக்குக் காய்ச்சல் என்றால் மனைவி போவாள், மனைவி ஊருக்குப் போனால் மச்சாள் போவாள். சின்யோராக்களும் கேட்பதில்லை, முகம் மாறினாலும் வீடு மினுங்கினால் சரி. விட்டால் வேறு யாராவது தும்புத்தடியோடு நுழைந்துவிடுவார்கள் என்ற பயம் எங்களுக்கு. என் மனைவி மொண்டெல்லோக் கடற்கரையில் கோடைக்கு மட்டும் வேலை செய்கிறவள், அப்போது வீட்டில்தான் இருந்தாள். புதன்கிழமை அவளை அனுப்பினேன்.

"மேசைப் பக்கம் போகாதை, விளங்குதோ?" என்று படுத்தபடியே கத்தினேன்.

"ஓம் ஓம், விளங்குது," என்று சொல்லிக்கொண்டு போனாள்.

என் மனைவியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவள் கூட்டின இடத்தில் எறும்புகூட வழி தெரியாமல் முழிக்கும். பின்னேரம் வந்ததும் வராததுமாகக் கைப்பையைக் கதிரையில் எறிந்தாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் அந்த வீட்டிலை என்னத்தைத் துப்புரவாக்கிறனீங்கள்?"

"ஏன், என்ன?"

"சின்யோரா சொன்னா, சனிக்கிழமை ஆரோ வாறாவாம், அந்தப் பெரிய கோயிலுக்கு உள்ளையும் தூசி தட்டு எண்டு. மூடியைத் தூக்கிப் பாத்தால், விளக்கு முழுக்கச் சிலந்தி முட்டை! வெள்ளை வெள்ளையா நூலிலை தொங்குது. எனக்கு மேலெல்லாம் கூசிப் போச்சு. தூசி உறிஞ்சிற மெஷினிலை மெல்லிய குழாயைப் பூட்டி, ஒண்டும் விடாமல் இழுத்துப் போட்டன்."

எனக்கு முதுகுவலி போன இடம் தெரியவில்லை. துள்ளி எழும்பினேன்.

"ஐயோ, அது சிலந்தி முட்டை இல்லை. தீக்கோழி முட்டை!"

அவள் என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். "தீக்கோழி முட்டை தேங்காயளவு இருக்கும். உது கடுகுக்குக் கொஞ்சம் பெரிசு. முதுகிலை பிடிச்சது மண்டைக்கு ஏறிட்டுதோ?"

விளங்கப்படுத்தினேன். எஞ்சினியர், குளிர்காலம், மண், விரல்நுனி எல்லாம் சொன்னேன். சிலந்தி வராமல் இருக்கத்தான் அதைத் தொங்கவிடுவார்கள் என்றும் சொன்னேன். அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஆனாலும் வாய் விடுமா?

"அப்ப சிலந்தி வந்ததோ?"

"இல்லை."

"பேந்தென்ன, அதின்ரை வேலை முடிஞ்சுதுதானே," என்று சொல்லிவிட்டு, அப்படியே கதிரையில் இருந்து அழத் தொடங்கினாள். "கோதாரி விழுந்த மெஷின்! அந்த மனிசன் எனக்குத் தன்ரை கையாலை ஒரு தோடம்பழம் உரிச்சுத் தந்தது தெரியுமோ? கை நடுங்க நடுங்க உரிச்சுத் தந்தது."

மெஷினின் தூசிப் பையை அவள் கீழே தெருத் தொட்டியில் போட்டிருந்தாள். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அந்தத் தெருவில் குப்பை கிழமைக்கணக்கில் கிடக்கும், பூனைகள் அதில் குட்டி போட்டு வளர்க்கும். பஸ் பிடித்து, முதுகைப் பிடித்து, ஓடினேன். அன்றைக்கென்று பார்த்துக் குப்பை வண்டி நேரத்துக்கு வந்து, தொட்டியைத் துடைத்தாற்போல வெறுமையாக்கிவிட்டுப் போயிருந்தது. நான் அந்த ஊரில் அவ்வளவு சுத்தமான ஒரு தொட்டியைப் பார்த்ததே இல்லை.

அவள் விடிய எழும்பிப் போய்க் காலில் விழுகிறேன் என்றாள். நான் விடவில்லை. சொன்னால் அந்த மனிதர் திரும்பச் செய்ய வெளிக்கிடுவார். கை விடாது. சனிக்கிழமைக்குள் பள்ளிவாசல் அரைகுறையாகிவிடும், உயிர்ப்பு ஞாயிறுக்குள் சின்யோரா அதைப் பிரித்துவிடுவார்.

"அப்ப நாங்கள்தான் செய்யவேணும்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். டப்பாக்கள் உருளுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். சவ்வரிசி.

வெள்ளை, உருண்டை, அதே அளவு. எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. முதுகு விடவில்லை.

அன்றைக்கே நூல்நுனிகளில் பசை தடவிச் சவ்வரிசியை ஒட்டி, குசினிக் கொடியில் காயவிட்டோம். விடிய எழும்பிப் பார்த்தால் எல்லாம் பசைத் தண்ணீரைக் குடித்து ஊதி, கண்ணாடியாகி, மீன் முழிமாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. வியாழக்கிழமை நான் வேலைக்குப் போனபோது எஞ்சினியர் பள்ளிவாசலுக்கு முன்னால் பேசாமல் இருந்தார். பாடம் இல்லை, பகிடி இல்லை. நகத்துக்குள் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. சனிக்கிழமையை நினைத்துப் பதறுகிறார் என்று எண்ணிக்கொண்டேன். அன்று பின்னேரம் மனைவி பசையை எறிந்துவிட்டு, நிறமில்லாத நகப்பூச்சு வாங்கி வந்தாள். அதில் ஒட்டியவை ஊதவில்லை. மினுமினுவென்று அசல் முட்டை ஓடுபோலவே இருந்தன.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சின்யோரா சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போவார். பெருநாள் துப்புரவு என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேருமாகப் போனோம். எஞ்சினியர் சாப்பாட்டு அறையிலேயே, சாய்மனைக் கதிரையில், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தார். போனவுடன் நல்ல குறட்டை.

"நித்திரை," என்று கிசுகிசுத்தேன். "கெதியாச் செய்."

குவிமாடத்தைத் தூக்கினோம். மனைவி தலையைப் பள்ளிவாசலுக்குள் விட்டாள். நான் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்தேன். புருவம் பிடுங்குகிற சாவணத்தால் ஒவ்வொரு நூலாக விளக்கில் கட்டினாள். நெற்றி வியர்வை எங்கே நீல ஓட்டில் விழுந்துவிடுமோ என்று நான் துவாயால் ஒற்றிக்கொண்டே இருந்தேன். திடீரென்று அவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. தலை உள்ளே, தும்மலும் உள்ளே. முட்டைகளெல்லாம் ஊஞ்சல் ஆடின. குறட்டை நின்றது.

நான் வெளிச்சத்தைச் சட்டைக்குள் மறைத்தேன். கொஞ்ச நேரத்தில் குறட்டை திரும்பவும் தொடங்கியது, முன்னையைவிடப் பலமாக. "பாவம், நல்ல களைப்பு," என்றாள் மனைவி.

சனிக்கிழமை பெண்மணி வந்தார். மினாராக்களைப் பார்த்தார், முற்றத்தைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு முழங்காலில் நின்று, வாசலுக்குள்ளால் சின்ன வெளிச்சத்தை அடித்து உள்ளே பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று நல்லூர்க் கந்தனையும் பலேர்மோ மலையில் கோயில்கொண்ட சாந்த றொசாலியாவையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"முட்டை!" என்று கத்தினார் பெண்மணி. "முட்டையைக்கூட மறக்கேல்லை! இதை எப்பிடிச் செய்தனீங்கள்?"

எஞ்சினியர் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். "பொறுமையான கை வேணும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த கிழமை ஆட்கள் வந்து மினாராக்களைக் கழற்றி, குவிமாடத்தைப் போர்வையில் சுற்றிக் கீழே இறக்கினார்கள். சின்யோரா பல்கனியில் நின்று பார்த்தார். கண் கலங்கியிருந்தது. என்ன சின்யோரா என்று கேட்டேன். வெங்காயம் உரித்தேன் என்றார். அன்று வெங்காயம் உரித்தவன் நான்.

உயிர்ப்பு ஞாயிறு தங்கச்சி குடும்பத்தோடு பெரிய சாப்பாடு நடந்தது. மறுநாள் திங்கள் எல்லோரும் வெளியிடங்களுக்குப் போய்ச் சாப்பிடுகிற நாள். தங்கச்சி குடும்பம் கடற்கரைக்குப் போய்விட, சின்யோரா எங்கள் இருவரையும் மேசையில் தங்களோடு இருந்து சாப்பிடக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் முதல்தரம். கட்டிலுக்குக் கீழே கிடந்த சரவிளக்கு தலைக்குமேல் எரிந்துகொண்டிருந்தது. என் மனைவி வெறுங்கையோடு எப்படிப் போகிறது என்று பாயாசம் காய்ச்சி வந்திருந்தாள். சேமியாப் பாயாசமாக்கும் என்று நானும் பேசாமல் இருந்தேன். கடைசியில் மூடியைத் திறந்து கோப்பைகளில் ஊற்றினாள் பாருங்கள். மிஞ்சின சவ்வரிசி முழுவதும் அதற்குள் மிதந்தது.

மேசைக்குக் கீழே அவளுடைய காலை மிதித்தேன். "ஏன் மிதிக்கிறியள்?" என்று சத்தமாகவே கேட்டாள். கேட்டபிறகுதான் அவளுக்கு விளங்கியது. கரண்டி கையிலிருந்து நழுவியது.

எஞ்சினியர் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். கரண்டியைக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோனார். கை நடுங்க, பால் மேசைவிரிப்பில் சிந்தியது. ஊதித் தெளிந்துபோன சவ்வரிசிகளுக்கு நடுவில் சரியாக வேகாத ஒன்று வெள்ளையாகவே கிடந்தது. அதை விரலால் எடுத்துச் சரவிளக்கு வெளிச்சத்தில் பிடித்தார்.

"அப்ப இதுதானோ?" என்றார்.

"எஞ்சினியர், நான் சொல்லுறன்..." என்று தொடங்கினேன்.

"நீ சும்மா இரு." அதை வாயில் போட்டு மென்றார். "வியாழக்கிழமை விடியவே கண்டிட்டன், விளக்கிலை ஒண்டும் இல்லையெண்டு. மண்ணை எடுத்து உருட்டிப் பாத்தன். ஒண்டு... ஒண்டுகூட வரேல்லை." வலது கையை மேசைமேல் வைத்தார். அது தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. "சரி, என்ரை பள்ளிவாசல் முடிஞ்சுது எண்டு நினைச்சன். பேந்து பாத்தால் திரும்பவும் தொங்குது. என்ரையைவிட உருண்டையா. என்னத்திலை செய்தது எண்டுதான் இவ்வளவு நாளும் மண்டையைப் போட்டு உடைச்சனான்."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சின்யோராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன, என்ன என்று கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் முழுவதையும் சொன்னேன், மெஷின், சிலந்தி, சவ்வரிசி, எல்லாம். சின்யோரா கோப்பைக்குள் பார்த்தார். பிறகு தொடங்கிய சிரிப்பு நிற்கவேயில்லை. மேசையைக் கையால் அடித்து அடித்துச் சிரித்தார்.

"அப்ப கடைசியிலை என்ரை மேசையிலை இருந்தது சாப்பாடுதானோ!"

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. "எஞ்சினியர்," என்றேன், "அண்டைக்கு நாங்கள் கட்டேக்கை நீங்கள் நல்ல நித்திரை. நாங்கள்தான் கட்டினது எண்டு எப்பிடித் தெரியும்? வீடு அதிரக் குறட்டை விட்டனீங்களே."

சின்யோரா சிரிப்பை நிறுத்தினார். "குறட்டையோ? இந்த மனிசனோ? கலியாணம் கட்டின நாள் தொட்டு ஒருநாளும் குறட்டை விட்டதில்லை. உயிர் இருக்கோ எண்டு நான் எழும்பி எழும்பி மூக்கடியிலை கை வைச்சுப் பாக்கிறனான்."

மூன்று பேரும் அவரைப் பார்த்தோம். அவர் தலையை நிமிர்த்தவில்லை. இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, அதை என் மனைவியிடம் நீட்டினார்.

"முட்டை இன்னும் கொஞ்சம் போடு, பிள்ளை," என்றார்.